தப்படித்துக் கூப்பிட்ட படம்: வி.கே. ராமசாமியும் எங்க சனமும்

தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கதாநாயகர்களின் வரலாற்றைத்தான் எழுதியிருக்கிறார்கள். பாகவதர், சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று நாலு தலைகளை வரிசையாக அடுக்கிவிட்டால் வரலாறு முடிந்துபோகிறது. படத்துக்குப் படம் வந்து, பத்து நிமிசமோ அரை மணி நேரமோ நின்று, கதையை நகர்த்திவிட்டுப் போகிற குணச்சித்திர நடிகர்களுக்கு அதில் இடமில்லை. கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி மண்ணில் உட்கார்ந்து பார்த்த சனங்களுக்கும் இடமில்லை. கொட்டகைக்கு ஆள் கூப்பிடத் தப்படித்தவனுக்குச் சுத்தமாக இடமில்லை. இந்த மூணு பேரையும் ஒண்ணாகச் சேர்த்து எழுதிப் பார்க்கணும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நான் எடுத்துக்கொண்ட நடிகர் எங்க மாவட்டத்துக்காரர், விருதுநகர் வி.கே. ராமசாமி. சனம் எங்க நாரணாபுரத்து சனம். தப்படித்தவர் எங்க தாத்தா.

சிவகாசியைச் சுற்றி டெண்டுக் கொட்டகைகள் இருந்த காலத்தில் புதுப்படம் வந்தால் மாட்டுவண்டியில் ரெண்டு பக்கமும் தட்டி சாய்த்து, போஸ்டர் ஒட்டி, ஊர் ஊராக அனுப்புவார்கள். வண்டிக்கு முன்னால் தப்படிக்க எங்க தெரு ஆளுக வேணும். வண்டிக்குள் இருந்து ஒருத்தன் சிவப்பு, பச்சை நோட்டீஸை அள்ளி வீசுவான். பிள்ளைகள் பின்னாலேயே புழுதியில் ஓடும். எங்க தாத்தா தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு காலையில் போனால் பொழுதடையத்தான் திரும்புவார். கூலி எட்டணாவோ பன்னிரண்டணாவோ, அதோட ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு ஓசிச் சீட்டு. பகல் முழுக்க நடந்து அடித்த ஆளுக்கு ராத்திரி கண்ணு எங்கே நிக்கும்? முதல் ரீல் ஓடும்போதே மண்ணில் சாய்ந்து தூங்கிவிடுவாராம். “படத்தோட பேரு அம்புட்டும் எனக்குத் தெரியும்லே, கதைதான் ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிச் சிரிப்பார். பறையை இழவுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிய ஊர்தான், சினிமா பார்க்க அதே பறையின் சத்தத்துக்குப் பின்னால் திரண்டு வந்தது. கொட்டகைக்குள் மட்டும் எங்க ஆளுக தரையிலும் ஒரு ஓரமாகத்தான் உட்காரணும். சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

‘நாம் இருவர்’ படத்துக்குத் தப்படித்ததை மட்டும் தாத்தா மறக்கவில்லை. அதுக்குக் காரணம் பாரதியார் பாட்டோ குமாரி கமலா ஆட்டமோ இல்லை. “நம்ம விருதுநகர்ப் பையன் நடிச்ச படம்” என்று கூவச் சொன்னார்களாம். கூவியாச்சு. படத்தில் பையனைத் தேடினால் பையனைக் காணோம். நரைத்த தலையோடு ஒரு கிழவன்தான் நிக்கிறான்!

அந்தக் கிழவன்தான் வி.கே. ராமசாமி. 1926இல் விருதுநகரில் பிறந்தவர். 1947 பொங்கலுக்குப் படம் வந்தபோது வயது 21. ப. நீலகண்டன் எழுதி மேடையில் நடந்த ‘தியாக உள்ளம்’ நாடகத்தைத்தான் ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் இருந்த தன் ஸ்டுடியோவில் படமாக்கினார். அதில் கறுப்புச் சந்தை வியாபாரி சண்முகம் பிள்ளை வேசம் ராமசாமிக்கு. யுத்தம் முடிந்திருந்த காலம். அரிசிக்கும் துணிக்கும் ரேஷன். பதுக்கியவன் கொழுத்தான், பட்டினி கிடந்தவன் செத்தான். அப்படிப்பட்ட நேரத்தில் பதுக்கல்காரனைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதைச் செய்ய இருபத்தொரு வயசுப் பையன் அறுபது வயசைத் தன் மேல் ஏற்றிக்கொண்டான். ஏற்றிக்கொண்ட வயசு பிறகு இறங்கவே இல்லை. அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கு மேல், ஐந்நூறு படங்களுக்கும் அதிகமாக, அவர் மாமனார், முதலாளி, பண்ணையார், வட்டிக்கடைக்காரர், தகப்பனார், தாத்தா. வாலிபனாக அவரைப் பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லை.

பையன் எப்படிக் கிழவனானான் என்பதற்குப் பதில் பாய்ஸ் கம்பெனியில் இருக்கிறது. ராமசாமி சிறுவயசிலேயே நாடகத்துக்குப் போனவர். அந்தத் தலைமுறை நடிகர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். வளர்ந்தார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிவாஜி வளர்ந்தார். இதையெல்லாம் ‘கலைக்கூடம்’, ‘குருகுலம்’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் அதில் இருந்தவர்களே பிற்காலத்தில் சொன்னதைக் கேட்டால் வேறொன்று தெரியும். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளைகள். தகப்பனோ தாயோ போட்டுக் கொடுத்த ஒப்பந்தம். வெளியே தனியாகப் போகக்கூடாது. பாடம் தப்பினால் அடி. ராத்திரி முழுக்க நாடகம், பகலில் ஒத்திகை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போச்சு. அதுவரைக்கும் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளை ஒரே ராத்திரியில் வேண்டாத பிள்ளை. குரல் உடைந்த பிறகும் பிழைக்கணும் என்றால் கிழவன் வேசம், கோமாளி வேசம், வில்லன் வேசம் என்று எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்ச் சினிமாவின் குணச்சித்திர நடிப்பு என்று நாம் மெச்சுகிற திறமையில் பெரும்பங்கு இப்படிப் பிழைப்புக்காகப் பழகியதுதான்.

இதை நான் படித்தபோது எனக்கு நாடகக் கம்பெனி தெரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான் தெரிந்தது.

எங்க பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து, மறு வருசம் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை. பிறகு பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. 1899இல் சிவகாசிக் கொள்ளையைப் பார்த்த சமூகம், கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சமூகம், இருபத்தைந்து வருசத்துக்குள் உழைத்துத் தன் காலில் நின்றது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும்போது கட்டை அடுக்கிய பிஞ்சு விரல்களையும் சொல்லணும். மானம் பார்த்த கரிசல் பூமி, மழை இல்லை, நிலம் இருந்தவனுக்கே விளைச்சல் இல்லை என்றால் நிலமே இல்லாத எங்க தெருவுக்கு என்ன இருக்கும்? ஆபீஸில் முன்பணம் வாங்குவது, அந்தக் கடனுக்குப் பிள்ளையை அனுப்புவது. விடியுமுன்னே ஏஜெண்டு வந்து கதவைத் தட்டுவான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வண்டியில் போடுவார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, எண்ணிக்கைக்குக் கூலி. பாய்ஸ் கம்பெனியில் ஒப்பந்தம், இங்கே முன்பணம். அங்கே வாத்தியார், இங்கே கணக்கப்பிள்ளை. அங்கே குரல் உடைகிற வரைக்கும், இங்கே விரல் மரத்துப்போகிற வரைக்கும்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாய்ஸ் கம்பெனியில் பலசாதி ஏழைப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பெருமையாக எழுதுவார்கள். அந்தப் பந்தியில் சேரிப் பிள்ளை ஒண்ணு உட்கார்ந்திருந்ததாக நான் வாசித்த எந்த நடிகரின் நினைவுக் குறிப்பிலும் இல்லை. நந்தனார் கதை படமானபோது 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தார்கள். நந்தன் வேசம் போடக்கூட எங்களில் ஒருத்தரைத் தேடவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் மட்டும்தான் எங்களை ஆளாக மதித்து வா என்று கூப்பிட்டது. கூலி மலிவு என்பதற்காக.

அந்தப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளில் சிலர் தப்பித்துப் பெரியாளானார்கள். ராமசாமி அப்படித் தப்பித்தவர். ‘பராசக்தி’யில் (1952) நடித்தார். ஏ.பி. நாகராஜனோடு கூட்டுச் சேர்ந்து படத்தயாரிப்பிலும் இறங்கினார். கொங்குத் தமிழை சிவாஜி வாயில் பேசவைத்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957), அடுத்து ‘நல்ல இடத்து சம்பந்தம்’ (1958) இரண்டும் அந்தக் கூட்டின் படங்கள். புராணமும் ராஜாராணிக் கதையும் வாள் சண்டையும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், செந்தமிழ் வசனம் கைதட்டு வாங்கிய காலத்தில், வட்டாரப் பேச்சைத் துணிந்து திரையில் வைத்தது சின்னக் காரியமில்லை. ராமசாமியின் பேச்சும் அப்படித்தான். இழுத்து இழுத்து, திடீரென்று உச்சத்துக்குத் தூக்கி, மூக்கால் முடிக்கிற அந்தக் குரலில் தெக்கத்திக் கடைவீதி இருந்தது. தோளில் துண்டு, முன்தள்ளிய வயிறு, காசை எண்ணும்போது சுருங்குகிற கண். எங்க சனம் அந்த ஆளைத் தினமும் பார்க்கிற சனம். அதனால்தான் அவர் திரையில் வந்து நின்றதுமே தரை டிக்கெட் சிரித்தது.

ஆனால் அந்தப் படங்களின் கிராமத்தில் சேரி இருக்கிறதா? 1957இல் திரையில் ஏர் ஓடியது, வண்டி ஓடியது, மாமன் மச்சான் சண்டை நடந்து சமாதானமானது. அதே வருசம் செப்டம்பர் 11ஆம் தேதி பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர் ஊராக எரிந்தது. எங்க ஊரும் அப்போது அதே இராமநாதபுரம் மாவட்டம்தான். தனி மாவட்டமாகப் பிரித்தது 1985இல்தான். அந்த மாசத்தில் எங்க தெருவில் ராத்திரி விளக்கேற்றவில்லை என்று அம்மா சொல்வாள். தாத்தா தப்பைக் கூரையில் சொருகியதோடு சரி. பல மாசம் சினிமா வண்டிக்குப் போகவில்லை. பக்கத்தில் எரிந்த தீயின் புகைகூட அந்தக் காலத்துக் கிராமப் படங்களில் படியவில்லை. திரையில் பண்ணையாருக்குக் கோபம் வந்தால் துண்டை உதறுவார், மனைவியிடம் திட்டு வாங்குவார், கடைசி ரீலில் திருந்துவார். வெளியே 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். எந்தப் பண்ணையாரும் திருந்தியதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் எங்க வாசகர் வட்டத்தில் இதைப் பேசியபோது தோழர்கள் கறாராகச் சொன்னார்கள்: ‘சுரண்டுகிறவனைச் சிரிப்புக்குரியவனாக்கி, பிறகு அன்புக்குரியவனாக்கி, அவன்மீது வரவேண்டிய கோபத்தை மழுங்கடிக்கிற நடிப்பு.’ சரியான வாதம்தான். நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது எங்க அம்மா கதை குறுக்கே வந்து நின்றது.

1969. நான் ஆறாவது படிக்கிறேன். அம்மா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறாள். அங்கே இருந்த கணக்கப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமை கூலி போடும்போது ‘குச்சி கோணல், வரிசை சரியில்ல’ என்று நாலைந்து கட்டையைக் கழித்துவிடுவார். கழித்த கட்டைக்குக் கூலி இல்லை, ஆனால் அந்தக் குச்சியும் பெட்டிக்குள் போய் விற்றுத்தான் தீரும். அம்மா போன வாரம் கொட்டகையில் பார்த்திருந்த வி.கே. ராமசாமியை எடுத்தாள். சேலைத் தலைப்பைத் துண்டு மாதிரி தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளி, கண்ணைச் சுருக்கி, அதே இழுவைக் குரலில் ‘அடியே, இந்தக் குச்சி ஏண்டி கோணலா இருக்கு, நீ கோணலா உக்காந்தியா, உங்க ஆத்தா கோணலா பெத்தாளா?’ என்று கட்டை கழித்துக் காட்டினாள். வரிசையில் இருந்த பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் அடங்கியபோதுதான் பின்னால் கணக்கப்பிள்ளை நிக்கிறது தெரிந்தது.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு கட்டையைக் கழித்தார். அடுத்த திங்கள் ‘வேற ஆபீஸ் பாத்துக்கோ, முன்பணத்தைக் கட்டிட்டுப் போ’ என்றார். அறுபது ரூபாய். எங்க வீட்டில் அறுபது ரூபாய் ஏது? வேறொரு ஆபீஸில் கடன் வாங்கி இந்தக் கடனைக் கட்டினோம். புது ஆபீஸ்காரர் அம்மாவோடு இன்னொரு ஆளும் வேணும் என்றார். அந்த இன்னொரு ஆள் நான். ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் போச்சு. பதிமூணு வயசில் திரும்பி ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த பிள்ளைகள் என்னைக் ‘கிழவன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். “சிரிச்சது எல்லாருந்தான்யா, வட்டி கட்டுறது மட்டும் நாம” என்று அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். அந்த நடிப்பு எங்க கோபத்தை மழுங்கடித்ததா? கணக்கப்பிள்ளைக்கு அப்படித் தோன்றவில்லையே. வெறும் வசவு என்றால் அவர் திருப்பி வசவிட்டிருப்பார். தன் நடையும் குரலும் ஒரு பறச்சி வாயில் வந்து, பத்துப்பேர் அதைப் பார்த்துச் சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. படம் முதலாளியை மன்னித்துவிடும். ஆனால் படம் முடிந்து வீட்டுக்கு வருகிற சனம் அந்த மன்னிப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, குரலையும் நடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. ராமசாமி யாருக்காக நடித்தாரோ தெரியாது. எங்க பொம்பளைகள் அவர் நடிப்பை எதுக்குப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் படத்தின் கதையை மட்டும் பார்த்தால் இது தட்டுப்படாது.

இதைச் சொல்வதால் அந்தப் படங்களின் சாதியை மறைக்க நான் தயாராயில்லை. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ வந்தது. சோழவந்தான் மூக்கையனாக சிவாஜி, பட்டணத்துப் பெண்டாட்டிக்கும் ஊர்ப் பெரியதனக்கார மருமகனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மாமனாராக ராமசாமி. எங்க தெரு இளவட்டங்கள் நாலைந்து தடவை பார்த்தார்கள். அந்தப் படம் கொண்டாடிய ஊர்ப்பெருமை யாருடைய பெருமை என்று கேட்க அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. 1978இல் ‘ருத்ர தாண்டவம்’. ராமசாமி சிவபெருமான், நாகேஷ் பூசாரி. சாமியே இறங்கி வந்து பேசுகிறது, சனம் சிரிக்கிறது. சாமியைக் கிண்டல் செய்யத் துணிந்த படம் என்பதில் எனக்கும் சந்தோசந்தான். ஆனால் இறங்கி வந்த சிவன் பூசாரியோடுதான் பேசினார். நந்தன் நின்ற இடம் வரைக்கும் அவர் நடக்கவில்லை.

நாயகர்கள் மாறினார்கள், காலம் மாறியது, ராமசாமி மட்டும் நின்றார். ‘மௌன ராக’த்தில் (1986) முதலாளி, ‘வேலைக்கார’னில் (1987) ரஜினிக்குத் தாத்தா, ‘அக்னி நட்சத்திர’த்தில் (1988) பெண்டாட்டிக்குப் பயந்த பணக்காரர். 2001இல் வந்த ‘டும் டும் டும்’ வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. அவர் போட்ட வேசத்தின் வயசை அவருடைய சொந்த வயசு எட்டிப்பிடித்தபோதும் வேலை நிற்கவில்லை. இத்தனை படத்தில் நடித்தவர் முகம் எந்தத் தீப்பெட்டி லேபிளிலும் வெடிப் பாக்கெட்டிலும் வந்து நான் ஒட்டியதில்லை. நாயக நாயகிகள் முகத்தை ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். முகம் விற்கிறவர்கள் வேறு. உழைத்துத் தள்ளுகிறவர்கள் வேறு. இது எங்க ஆபீஸுக்கும் பொருந்தும், சினிமாவுக்கும் பொருந்தும்.

அதே கால ஓட்டத்தில் எங்க பக்கம் நடந்ததையும் சேர்த்தே எழுதணும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1991 ஜூலையில் மீனம்பட்டி வெடிவிபத்தில் 39 உயிர் போனது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்து, 1996 டிசம்பர் 10இல், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் சாவது நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

2002 டிசம்பர் 24இல் வி.கே. ராமசாமி இறந்தார். பெரியார் இறந்ததும் (1973) எம்.ஜி.ஆர். இறந்ததும் (1987) அதே தேதி. மறுநாள் எங்களுக்கு வெண்மணி நாள். கூட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தேன். டிவியில் செய்தி ஓடியது. அம்மாவுக்குக் கண் மங்கல், விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துகொண்டாள். “அந்த விருதுநகர்க் கிழவனா?” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெல்ல எழுந்து, சேலைத் தலைப்பைத் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளி, கண்ணைச் சுருக்கி, முப்பத்து மூணு வருசத்துக்கு முன்னால் நிறுத்திய இடத்திலிருந்து அந்தக் கணக்கப்பிள்ளையை எடுத்தாள். ‘அடியே, இந்தக் குச்சி ஏண்டி கோணலா இருக்கு?’

பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன. இந்தத் தடவை பின்னால் யாரும் நிற்கவில்லை. அவள் முழுசாக நடித்து முடித்தாள்.